மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கும் வீட்டுப் பூனை: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று விற்கப்படும் மணல் பெட்டியை விட்டு மெத்தையிலோ கால்மிதியிலோ சோபாவின் மூலையிலோ சிறுநீர் கழிக்கத் தொடங்கியவுடன், பெரும்பாலான வீடுகளில் முதலில் அதட்டுகிறார்கள். பிறகு ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். பிறகு பெட்டி, மணல், பெட்டி இருந்த இடம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகிறார்கள். எதுவும் பலிக்காமல் சில வாரங்கள் கழிந்த பின்புதான் மருத்துவரிடம் போகிறார்கள். செய்ய வேண்டிய வரிசை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பூனைகளோடு வாழும் நான், இந்தச் சிக்கலை என் வீட்டிலேயே இரண்டு முறை தீர்த்திருக்கிறேன். தெருவிலிருந்து குட்டிகளை எடுத்து வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கூடவே இருந்து உதவியும் இருக்கிறேன். தடுமாறியவர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். படிகளை முன்பின்னாகச் செய்தவர்கள். பூனை உங்களைப் பழிவாங்க மெத்தையை நனைப்பதில்லை. உடலில் நோவு, பெட்டியில் குறை, மனத்தில் அச்சம் என்ற மூன்றில் ஒன்றோ பலவோ இருக்கின்றன. அவற்றை இந்த வரிசையிலேயே தேட வேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், ரூபாய் நோட்டைச் சரிபார்க்கப் பயன்படும் வகையிலான புற ஊதா டார்ச், செல்லப்பிராணிகளின் சிறுநீர்க் கறைக்கென்றே விற்கப்படும் என்சைம் திரவம், இப்போது இருக்கும் பெட்டியோடு கூடுதலாக ஒரு பெரிய பெட்டி, கதவுள்ள பூனைக் கூடை ஆகியவற்றை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஒரு பொருள் இல்லாமல் நிற்கும் நாள்களில்தான் பழைய இடத்திலேயே பூனை மறுபடியும் நனைக்கிறது. அத்துடன் அதுவரை செய்த வேலையும் வீணாகிறது.

பூனைக் கூடையை மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் பரண்மேலிருந்து இறக்காதீர்கள். சில நாள் முன்னதாகவே அதைத் திறந்து, உள்ளே பழைய துணி விரித்து, கூடத்தில் வைத்துவிட்டால், பூனை அதைப் படுக்குமிடமாக எடுத்துக்கொள்ளும். அவசரம் வரும் இரவில் அரை மணி நேரம் மிச்சமாகும்.

அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அதன் தொலைபேசி எண் என்ன என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

2. முதல் மணி நேரத்திலேயே: சிறுநீர் அடைப்பு உண்டா என்று பாருங்கள்

உங்கள் பூனை ஆண் என்றால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளமாகவும் மிகக் குறுகலாகவும் இருப்பதால், நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். பெண் பூனைகளுக்கு இது மிக அரிது.

அடையாளங்கள் இவை: பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய்க் குந்தி முக்குகிறது, ஆனால் ஒரு துளியோ இரண்டு துளியோதான் வருகிறது, அல்லது எதுவுமே வருவதில்லை, முக்கும்போது கத்துகிறது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குகிறது, பிறகு உண்ண மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, ஒளிந்துகொள்கிறது. முழு அடைப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு சீர்குலையும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே நான் மிகுதியாகக் கண்ட தவறு, முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது. அந்த ஒரு நாள்தான் பூனையின் உயிர். இன்னொரு தவறு, நோவு குறையட்டும் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுப்பது. பாராசிட்டமாலைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. சிறு துண்டே அதைக் கொன்றுவிடும். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

3. நின்று தெளிக்கிறதா, குந்திக் கழிக்கிறதா என்று பிரித்தறியுங்கள்

அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது இது. இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரிக்காமல் தொடங்குகிறவர்கள் தெளிக்கும் பூனைக்கு மணலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தெளிக்கும் பூனை நின்றபடி, வாலைச் செங்குத்தாக உயர்த்தி, வால்நுனி நடுங்க, சுவரிலோ திரைச்சீலையிலோ கதவிலோ சிறிதளவு பீய்ச்சும். கறை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி வழிந்திருக்கும். அது கழிப்பதற்காகச் செய்வதன்று. தன் வாசனையால் எல்லை குறிப்பதற்காகச் செய்வது. அதே பூனை மற்ற நேரங்களில் பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் உண்டு.

குந்திக் கழிக்கும் பூனை, தரை, மெத்தை, துணிக்குவியல் போன்ற கிடையான பரப்பில் நிறைய விடும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதற்கானது. தெளிப்புக்குத் தனியாகப் பத்தாம் பகுதி இருக்கிறது. ஆனால் தெளிப்பாக இருந்தாலும் ஐந்தாம், ஆறாம் பகுதிகளைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனெனில் சிறுநீர்ப்பை எரிச்சலால் தெளிக்கத் தொடங்கும் பூனைகளும் இருக்கின்றன.

4. எந்தப் பூனை, எந்த இடம், எந்த நேரம் என்று எழுதிவையுங்கள்

முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். நாள், நேரம், இடம், பரப்பின் தன்மை, அளவு (காசளவா, உள்ளங்கையளவா, தட்டளவா), அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்பவை போதும். நலமாக உள்ள பூனை ஒரு நாளில் ஏறக்குறைய 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். சிறிது சிறிதாகப் பல முறை என்றால் சிறுநீர்ப்பையை நினைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நிறைய, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது என்றால் சிறுநீரகத்தையும் நீரிழிவையும் நினைக்க வேண்டும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சால் தரை, சுவரடி, கட்டிலின் கால், சோபாவின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். சிறுநீர்க் கறை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். சோப்புக் கறையும் சில துணிகளும்கூட ஒளிரும் என்பதால், முகர்ந்து உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் வட்டமிடுங்கள். இரண்டு இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆறு இடங்களைக் கண்டுபிடிப்பது வழக்கமான ஒன்றுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், எது என்று ஊகிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் செவலையைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தோம். பழைய கைபேசி ஒன்றைக் கூடத்தின் மூலையில் படம் பிடிக்க வைத்தபோதுதான், எந்தக் குறையும் சொல்ல முடியாத கருப்பி விடியற்காலை நாலரைக்கு அரிசிச் சாக்கின்மேல் குந்துவது தெரிந்தது. கேமரா இல்லாவிட்டால், ஒவ்வொரு பூனையையும் இரண்டிரண்டு நாள் தனியறையில் பெட்டியோடு வைத்துப் பாருங்கள்.

பூனை தேர்ந்தெடுக்கும் இடமும் ஒரு குறிப்புத் தரும். மெத்தை, துவைக்கப் போட்ட துணி போன்ற மெத்தென்ற பரப்பானால், பெட்டியின் மணல் பாதத்தை உறுத்துகிறதா என்று பார்க்கலாம். கழுவுதொட்டி, பளிங்குத் தரை போன்ற குளிர்ந்த வழவழப்பானால், எரிச்சலோ மணல்மேல் வெறுப்போ இருக்கக்கூடும். பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி என்றால், பூனை பெட்டிக்கு வரவே விரும்பியது, ஏதோ ஒன்று உள்ளே விடவில்லை என்று பொருள். இவை குறிப்புகள் மட்டுமே. இவற்றை வைத்து மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது.

5. மருத்துவரிடம் காட்டுங்கள்

அவசரம் இல்லாவிட்டாலும் மூன்று நான்கு நாள்களுக்குள் காட்டிவிடுங்கள். பெட்டியையும் இடத்தையும் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கழிக்கும்போது நோவு இருந்தால், பூனை அந்த நோவைப் பெட்டியோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. நோவு நீங்காமல் புதுப்பெட்டி வைத்தால், அதையும் வெறுக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு நோய் தீர்ந்தாலும் வெறுப்பு தங்கிவிடும்.

நோட்டையும், முடிந்தால் பூனை குந்தும்போது எடுத்த காணொளியையும் கொண்டுபோங்கள். சிறுநீர் மாதிரி கேட்டால், நன்கு கழுவி உலர்த்திய வெறும் பெட்டியிலோ, நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகள் போட்ட பெட்டியிலோ பிடித்து, சுத்தமான புட்டியில் ஊற்றி, சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் மருத்துவரே வயிற்றின் வழியே ஊசியால் எடுப்பார். பார்க்க அச்சமூட்டினாலும், வெளிக்கிருமி கலக்காத மாதிரி அதுதான்.

சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ஸ்கேன், வயதான பூனைக்கு ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு ஆகியவை கேட்கப்படும். எல்லாச் சிறு மருத்துவமனைகளிலும் இவை ஒரே இடத்தில் கிடைக்கா. சென்னையில் வேப்பேரி, மேற்கே நாமக்கல் போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை இதற்கு அணுகலாம்.

இளம், நடுவயதுப் பூனைகளில் மிகுதியாகக் காணப்படுவது, கிருமியும் இல்லாமல் கல்லும் இல்லாமல் சிறுநீர்ப்பை அழலும் நிலை. மனப்பதற்றத்தால் அது தூண்டப்படுகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே தணிந்து, பிறகு மறுபடியும் வருகிறது. இதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்கள் அது பலித்ததாக நம்பி, உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுகிறார்கள். இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்டவற்றுக்கே அது மிகுதி. ஆகவே, பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று மரியாதையோடு கேளுங்கள், நோவு குறைக்கும் மருந்து தேவையா என்றும் கேளுங்கள்.

கல் என்றால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லை அதற்கென்று உள்ள உணவால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். வயதான பூனைக்கு மூட்டுவாதம் இருந்தால் சிறுநீர்ப்பாதையில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பெட்டியின் உயரமான விளிம்பைத் தாண்டக் கால் வராததே காரணமாக இருக்கக்கூடும்.

எந்த நோயாக இருந்தாலும் நீர் உள்ளே போவது உதவும். பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மில்லி நீர் வேண்டும். 4 கிலோ பூனைக்கு 200 மில்லி. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீர் உண்டு, ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் உண்டு. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது மீனின் சாற்றை உணவில் ஊற்றுவது எங்கள் வீட்டில் மேமாத வெயிலில் நன்றாகப் பலித்தது.

6. பழைய வாசனையை வேரோடு எடுங்கள்

நம் மூக்குக்குப் போய்விட்ட வாசனை பூனையின் மூக்குக்குப் போயிருக்காது. அந்த வாசனை இருக்கும் வரை அந்த இடம் அதற்குக் கழிப்பிடமே. சாக்பீஸால் வட்டமிட்ட எல்லா இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். ஒன்றை விட்டுவைத்தால் பூனை அங்கே போகும்.

ஃபினாயில் வேண்டாம். நம் வீடுகளில் தரை துடைக்க அதுதான் முதலில் கைக்கு வரும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஃபீனால் வகைச் சேர்மங்களைச் சிதைக்கும் திறன் பூனைக்குக் குறைவு. தரையில் பட்டது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். தண்ணீரில் விட்டால் வெண்மையாகும் கிருமிநாசினிகளும், பைன் எண்ணெய் சேர்ந்தவையும் அப்படியே. பிளீச்சிங் பவுடர் இன்னொரு வகையில் தீங்கானது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறச் செய்யும் வாயுவை உண்டாக்கும். அம்மோனியா கலந்த துடைப்பான்கள் சிறுநீரைப் போலவே மணந்து பூனையை அழைக்கும்.

புதுக் கறையைத் தேய்க்காமல் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். குளிர்ந்த நீரால் கழுவி ஒற்றிய பிறகு, என்சைம் திரவத்தைக் கறையை விடச் சற்று அகலமாக, நன்றாக ஊறும்படி ஊற்றி, புட்டியில் குறித்த நேரம் வரை ஈரமாகவே விடுங்கள். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுவதுதான் இந்தப் படியின் பொதுவான தவறு. என்சைம் திரவம் கிடைக்காவிட்டால், என்சைம் சேர்ந்த சலவைத்தூள் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு கலந்து பயன்படுத்தி, நன்றாக அலசி உலர்த்துங்கள்.

வினிகரைப் பளிங்குத் தரையிலும் மொசைக்கிலும் ஊற்ற வேண்டாம், அமிலம் கல்லின் மெருகை அரிக்கும். டைல்ஸில் கறை தங்குவது ஓட்டின்மேல் அன்று, ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட் கோட்டில். திரவத்தை அங்கே பல் துலக்கும் தூரிகையால் இறக்குங்கள். இலவம்பஞ்சு மெத்தையானால் மேலுறையைக் கழுவிப் பயனில்லை; பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து, நனைந்த பகுதியை நீக்கிவிட வேண்டும். அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதி, பலமுறை நனைந்த கோரைப்பாய் ஆகியவற்றைத் தூக்கிப் போடுவதே மேல். அவற்றோடு ஒரு மாதம் போராடியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

7. பெட்டியையும் மணலையும் சரிசெய்யுங்கள்

கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்த பூனைக்குச் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தை அளந்து, அதன் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பெட்டி வையுங்கள். 45 சென்டிமீட்டர் பூனைக்கு ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் வரும். போர்வை, துணி வைக்க விற்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி வாசல் செய்து, வெட்டிய விளிம்பில் தடித்த டேப் ஒட்டினால் போதும். உள்ளே திரும்பி நிற்க இடமில்லாத பூனை, உடல் உள்ளேயும் பின்பகுதி வெளியேயுமாகக் குந்தும். வீட்டார் அதை வெளியே கழித்ததாக எழுதுவார்கள்.

மூட்டு நோவுள்ள பூனைக்கும் குட்டிக்கும் வாசல் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடியுள்ள பெட்டி நம் கண்ணுக்கு நன்று. உள்ளே வாசனை தேங்குவதாலும், வெளியே நிற்கும் மற்றப் பூனை தெரியாததாலும் சில பூனைகளுக்கு ஆகாது. சிக்கல் தீரும் வரை மூடியைக் கழற்றி வையுங்கள். அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிடுங்கள். தோண்டும்போது நகம் அதில் சிக்குகிறது.

பெட்டிகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது. இரண்டு பூனைக்கு மூன்று. ஒரே இடத்தில் ஒட்டி வைத்த மூன்று பெட்டிகள் பூனையின் கணக்கில் ஒன்றுதான், ஏனெனில் ஒரு பூனை வழியில் படுத்துக்கொண்டு மூன்றையும் மறித்துவிட முடியும்.

மணல் நுண்ணியதாகவும், மணமற்றதாகவும், ஈரம் பட்டால் கட்டியாவதாகவும் இருக்கட்டும். பென்டோனைட் களிமண்ணால் ஆனவை இவ்வகை. ஆழம் 5 முதல் 7 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் முதல் முறை சிக்கல் வந்ததே, விருந்தினர் வருகிறார்கள் என்று நான் மல்லிகை மணம் சேர்த்த மணலை வாங்கிப் போட்டதால்தான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குக் கட்டியாகும் மணல் வேண்டாம், அவை வாயில் போட்டுக்கொள்ளும்.

கட்டட வேலைக்கான மணலைப் பயன்படுத்துவோர் பலர். ஆற்றுமணலைப் பூனைகள் விரும்பும். ஆனால் அது கட்டியாகாது, சிறுநீர் அடியில் இறங்கித் தேங்கும். ஆகவே அள்ளுவதோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதுமாகக் கொட்டி மாற்ற வேண்டும். எம்-சாண்ட் கூர்மையும் தூசியும் மிகுந்தது, தவிர்த்துவிடுங்கள்.

பூனைக்கு எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால், ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் இரண்டு வகை மணலைப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். எதில் கட்டிகள் மிகுதி என்பதை எண்ணி நோட்டில் எழுதுங்கள். பழைய மணலை ஒரேயடியாக நீக்காமல் கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து மாற்றுங்கள்.

சல்லடைக் கரண்டியால் காலையும் மாலையும் அள்ளுங்கள். கட்டியாகும் மணலையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி, பெட்டியை மென்மையான சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, காயவைத்துப் புது மணல் இடுங்கள். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டினால் களிமண் குழாயை அடைக்கும். உறையிலிட்டுக் குப்பையில் சேருங்கள். கருவுற்றிருக்கும் பெண் இந்த வேலையைச் செய்ய வேண்டாம், வீட்டிலுள்ள வேறொருவர் நாள்தோறும் செய்யட்டும். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும்.

8. பெட்டி இருக்கும் இடத்தைத் திருத்துங்கள்

நம் வீடுகளில் பெட்டி குளியலறையிலோ துணி துவைக்கும் பால்கனியிலோ வைக்கப்படுகிறது. குளியலறைத் தரை நாள் முழுதும் ஈரம். ஈரத்தில் பாதம் வைக்கப் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது, மணலும் நமத்துப்போகிறது. யாராவது உள்ளே போய்த் தாழிட்டால் வழியும் அடைபடும். பால்கனியிலோ, சலவை இயந்திரம் சுழலும் ஓசையில் ஒருமுறை திடுக்கிட்ட பூனை அந்தப் பெட்டியை மறுபடியும் நம்பாது.

உணவுக்கும் தண்ணீருக்கும் அருகில் வைக்காதீர்கள். உண்ணுமிடத்தில் கழிக்கப் பூனைக்கு மனம் வராது. எந்நேரமும் திறந்திருக்கும், அதிக நடமாட்டமில்லாத, இரண்டு பக்கம் வெளியேற வழியுள்ள மூலை நல்லது. மாடி வீடானால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வேண்டும்.

பூனை தானே தேர்ந்த இடத்திலேயே முதலில் ஒரு பெட்டியை வைத்துவிடுவது பல நேரங்களில் விரைவான வழி. கூடத்தின் நடுவில் பெட்டி இருப்பதைச் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தவறாமல் பயன்படுத்திய பிறகு, நாளுக்கு ஒரு சாண் என்ற அளவில் நகர்த்தலாம். ஒரே நாளில் அறையை மாற்றினால் பூனை பழைய இடத்துக்கே திரும்பும்.

9. வீட்டில் அதற்கு என்ன அச்சம் என்று பாருங்கள்

பூனைகளின் பூசல் எப்போதும் சண்டையாகத் தெரியாது. ஒன்று வாசலில் படுத்து முறைத்துப் பார்ப்பதே போதும். மற்றது அடக்கிக்கொண்டு கட்டிலடியில் கழிக்கும். உணவுக் கிண்ணம், தண்ணீர், பெட்டி, படுக்கை ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு துணி விரித்து ஏறும் வழி செய்துகொடுங்கள். உயரத்தில் இடமிருந்தால் பூனைகள் ஒன்றையொன்று தவிர்த்துக்கொள்ள முடிகிறது.

வீடு மாறுதல், வெள்ளையடித்தல், புதுக் குழந்தை, நீண்டநாள் விருந்தினர், புதுப் பூனை ஆகிய எதுவும் காரணமாகலாம். நோட்டின் கடைசிக் கட்டம் இதற்குத்தான். தீபாவளி வெடிச்சத்தம் ஆண்டுதோறும் வருவதால் அதற்கு முன்னேற்பாடு செய்ய முடியும். தெருவைப் பாராத ஓர் அறையில், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியும் தண்ணீரும் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டியும் வைத்துப் பழக்குங்கள். அன்றே கொண்டுபோய் அடைத்தால் அந்த அறையே அதற்கு அச்சமாகிவிடும்.

அடிக்காதீர்கள், மூக்கைக் கறையில் தேய்க்காதீர்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள். கழித்துச் சில நிமிடம் கடந்த பிறகு கிடைக்கும் தண்டனையைப் பூனையால் அந்தச் செயலோடு பொருத்திப் பார்க்க முடியாது; உங்களைக் கண்டு அஞ்சவும், நீங்கள் பார்க்காத இடத்தில் கழிக்கவும் மட்டுமே கற்றுக்கொள்ளும். அந்த அச்சமே சிறுநீர்ப்பை அழற்சியை மறுபடியும் தூண்டும். பயந்து ஒடுங்கிய பூனைகள் சிலவற்றை மடியில் வைத்துத் தேற்றியிருக்கிறேன். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

10. தெளிக்கும் பூனைக்கு மட்டும்

கருத்தடை செய்யாத ஆண் பூனை என்றால், அறுவைதான் முதல் மருத்துவம். பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் அதற்குப் பிறகு தெளிப்பதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். ஆனால் அன்றைக்கே நிற்காது. சில வாரங்கள் ஆகலாம். சூட்டுக்கு வந்த பெண் பூனையும் தெளிக்கும்.

கருத்தடைக்குப் பிறகும் தெளித்தால், சன்னலைப் பாருங்கள். மதிலில் வந்து உட்காரும் தெருப்பூனை பெரும்பாலும் காரணமாக இருக்கும். சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் தாள் ஒட்டுங்கள். மதிலோரம் உணவு வைக்கும் வழக்கம் இருந்தால் அதைச் சற்றுத் தொலைவுக்கு மாற்றுங்கள். தெளித்த இடத்தைக் கழுவி உலர்த்திய பின், உங்கள் பூனையின் கன்னத்தில் மெல்லத் தேய்த்த மென்துணியைச் சுவர் மூலையில் பூனையின் தலை உயரத்தில் தேய்த்து வையுங்கள்; கன்னச் சுரப்பியின் வாசனை இருக்கும் இடத்தில் பூனை தெளிப்பது குறைவு.

11. பழக்கம் இன்னும் விடாவிட்டால் சிறு அறையில் மறுபடியும் பழக்குங்கள்

மேலே சொன்ன எல்லாம் செய்து மூன்று வாரத்துக்குப் பின்பும் தொடர்ந்தால் மட்டுமே இந்தப் படி. மெத்தையும் பாயும் இல்லாத சிறு அறையில் பெட்டி, எதிர் மூலையில் உணவும் தண்ணீரும், படுக்கை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றோடு பூனையை வையுங்கள். பூனைக்கு வேறு வழியில்லாத இடத்தில் நல்ல பெட்டியைப் பயன்படுத்தும் பழக்கம் மறுபடியும் ஊன்றுகிறது. ஒரு நாளில் பலமுறை நீங்கள் உள்ளே போய் உட்கார வேண்டும். தனிமைச் சிறையாக்கினால் பதற்றம் ஏறி எல்லாம் கெடும்.

ஒன்றிரண்டு வாரம் தவறில்லாமல் கடந்தால், உங்கள் மேற்பார்வையில் இன்னோர் அறையைத் திறந்துவிடுங்கள், பிறகு மற்றோர் அறை. படுக்கையறையைக் கடைசியில் திறவுங்கள். தவறு நேர்ந்தால் முந்தின அறைக்குத் திரும்புங்கள், தொடக்கத்துக்கு அன்று.

இதற்கும் பலனில்லாவிட்டால், பதற்றம் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது, அளவை அவரே சொல்ல வேண்டும். பெட்டியும் இடமும் சரியாகாமல் மருந்து மட்டும் கொடுத்தால், மருந்தை நிறுத்திய அன்றே சிக்கல் திரும்பும்.

12. மீண்டும் வந்தால்

மாதங்கள் கழித்து மறுபடி ஒரு கறை தெரிந்தால், நேராக மணலை மாற்றப் போகாதீர்கள். இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். ஆண் பூனையானால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே. முதல் முறை பெட்டிதான் காரணமாக இருந்தது என்பதால் இம்முறை அடைப்பாக இராது என்று சொல்ல முடியாது. பழைய நோட்டை எடுத்து, முதல் முறை எந்த மாதம், எந்த இடம், அதற்கு முன் வீட்டில் என்ன மாறியது என்று பார்த்துவிட்டு, அதே நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள். மருத்துவரிடம் அதையே கொண்டுபோங்கள்.